ஒரு மில்லின் விஷயம் இன்னொரு மில்லுக்குத் தெரிந்தால்? ரெட்மைனில் புராஜெக்ட்டும் அனுமதியும்

கேள்வி: கோவையில் 18 பேர் வேலை செய்யும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நூற்பாலைகளுக்கு பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். வேலைகளை எக்செல்லில் எழுதி மாளவில்லை என்று சமீபத்தில் ரெட்மைன் என்ற வேலைப் பதிவு மென்பொருளைப் போட்டோம். "எனக்கு இது திறக்கவில்லை, அது தெரியவில்லை" என்று ஆளாளுக்கு வந்து நின்றதால் ஊழியர்கள் எல்லோரையும் அட்மின் ஆக்கிவிட்டோம். கிளையன்ட்டுகளுக்கும் லாகின் கொடுத்து, அவரவர் புராஜெக்ட்டில் 'ரிப்போர்ட்டர்' ஆகச் சேர்த்தோம். போன வாரம் ஒரு மில்லின் கணக்காளர் போன் செய்து, "இன்னொரு மில்லோட ஸ்டாக் பிரச்சினையெல்லாம் எனக்குத் தெரியுதே மேடம், எங்களுடையது அவங்களுக்கும் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இது எப்படி நடந்தது? புராஜெக்ட்டுகளை எப்படிப் பிரிப்பது, யாருக்கு எந்த அனுமதி கொடுப்பது? கிளையன்ட்டிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்கிறார் எம்.டி. சார். புரோகிராமர்கள் பயப்படுகிறார்கள். ஜிரா என்ற இதே மாதிரி வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமா என்ற பேச்சும் ஓடுகிறது.

பதில்: வணக்கம். அந்தக் கணக்காளருக்கு முதலில் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். பார்த்ததை அவர் வெளியே பேசாமல் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு நேரான பதில், "ஆமாம், தெரிந்திருக்கும்" என்பதுதான். அதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். எந்த மில்லின் தகவல் வெளியே தெரிந்ததோ, அவர்களுக்கும் நீங்களே போன் செய்து சொல்லுங்கள். வேறு யாராவது சொல்லி அவர்கள் கேள்விப்படக் கூடாது.

இது எப்படி நடந்தது என்றால், ரெட்மைனில் புதிதாக ஒரு புராஜெக்ட் உருவாக்கும்போது 'பப்ளிக்' என்ற பெட்டியில் டிக் தானாகவே விழுந்திருக்கும். ரெட்மைன் 2006-இல் வந்த திறந்த மூல மென்பொருள். அதைப் பெரிதும் எடுத்துக்கொண்டவர்களில் திறந்த மூலக் குழுக்களும் உண்டு. ரூபி என்ற நிரல்மொழியின் பிழைப் பட்டியல்கூட ரெட்மைனில்தான் இருக்கிறது. அங்கே பிழைகள் ஊருக்கே தெரிய வேண்டும். உங்களுக்கோ ஒரு மில்லின் ஸ்டாக் இன்னொரு மில்லுக்குத் தெரிந்தால் தொழிலே கெட்டுவிடும். பப்ளிக் புராஜெக்ட்டில் ஒருவரை நீங்கள் சேர்க்காவிட்டாலும், லாகின் இருந்தாலே அவருக்கு 'நான் மெம்பர்' (Non member, உறுப்பினர் அல்லாதவர்) என்ற ரோல் தானாகக் கிடைக்கும். ரோல் என்பது அனுமதிகளின் ஒரு தொகுப்பு. ஆரம்ப அமைப்பில் அந்த ரோலுக்கு டிக்கெட்டுகளை (பதிவான புகார்கள், வேலைகள்; ரெட்மைன் திரையில் 'இஷ்யூ') பார்க்கவும், புதிது போடவும், குறிப்பு எழுதவும் அனுமதி இருக்கிறது. நீங்கள் ரிப்போர்ட்டராக ஒரு புராஜெக்ட்டில்தான் சேர்த்தீர்கள். மற்ற எல்லாவற்றிலும் அவர் 'நான் மெம்பர்' ஆகிவிட்டார்.

ஆகவே இன்றைக்கே ஒவ்வொரு புராஜெக்ட்டின் செட்டிங்ஸுக்குள்ளும் போய் பப்ளிக் டிக்கை எடுங்கள். அப்புறம் அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தின் செட்டிங்ஸில், புராஜெக்ட்ஸ் பகுதியில், புதிய புராஜெக்ட்டுகள் பப்ளிக்காக இருக்கட்டும் என்ற டிக்கையும் எடுங்கள். இந்த இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. இனி வரும் புராஜெக்ட்டுகளுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே இருப்பவை திறந்தபடியே கிடக்கும். அதே செட்டிங்ஸில் 'ஆதென்டிகேஷன்' பகுதியில் லாகின் கட்டாயம் என்று வையுங்கள். உங்கள் சர்வர் இணையத்தில் திறந்திருந்தால், இது இல்லாதவரை லாகின் செய்யாதவர்கூட பப்ளிக் புராஜெக்ட்டுகளைப் பார்த்திருக்க முடியும். தாங்களாகவே பதிவு செய்துகொள்ளும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். கூடவே, நிறுவும்போது வரும் 'அட்மின்' என்ற கணக்கின் பாஸ்வேர்ட் உண்மையிலேயே மாற்றப்பட்டதா, யாராவது எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

யார் எதைத் திறந்து பார்த்தார்கள் என்பதை ரெட்மைனின் திரையில் காண முடியாது. ஆனால் சர்வரில் ரெட்மைன் ஃபோல்டருக்குள் 'லாக்' (log, நடந்தவற்றின் பதிவு) என்ற இடத்தில் 'புரொடக்ஷன்' லாக் ஃபைல் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் எந்த லாகினில் திறக்கப்பட்டது என்பது வழக்கமாக அதில் பதிவாகும். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, கிளையன்ட் லாகின்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத புராஜெக்ட்டைத் திறந்தனவா என்று தேடச் சொல்லுங்கள். பழைய லாக் அழிந்துவிடும் முன் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. மில்காரர்களிடம் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

இனி அமைப்பைப் பற்றிப் பேசுவோம். நீங்கள் "யாருக்கு எந்த அனுமதி" என்று கேட்கிறீர்கள். நான் அதற்கு முன்னால் ஒரு கேள்வி வைப்பேன்: யாருக்கு எது தெரிய வேண்டும்? யார் எதைச் செய்யலாம் என்பது அதற்குப் பின்னால் வருவது. இந்த வரிசையை மாற்றினால் அனுமதிப் பட்டியலில் எத்தனை டிக் போட்டாலும் குழப்பம் தீராது. ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஆட்களின் வகையை எழுதுங்கள்: ஒவ்வொரு மில்லின் ஆட்கள், புரோகிராமர்கள், சப்போர்ட், எம்.டி. மேலே விஷயங்களை எழுதுங்கள்: இந்த மில்லின் புகார்கள், அந்த மில்லின் புகார்கள், நம் சொந்த புராடக்ட் வேலை, செலவான நேரம், சோர்ஸ் கோட். எந்தக் கட்டத்தில் 'தெரியலாம்', எதில் 'தெரியக் கூடாது' என்று நிரப்புங்கள். எம்.டி. சாரை பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நிரப்புவது இன்னும் நல்லது. ரெட்மைனைத் திறப்பதற்கு முன்னாலேயே பாதிச் சண்டை அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

அந்தத் தாள்தான் புராஜெக்ட்டை எங்கே பிரிப்பது என்பதையும் சொல்லும். பில்லிங்குக்கு ஒன்று, ஸ்டாக்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று பிரிக்கத்தான் முதலில் தோன்றும். நம் டீம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் ரெட்மைனில் பார்வைக்கான உறுதியான சுவர் புராஜெக்ட்தான். ஒரே புராஜெக்ட்டுக்குள் இரண்டு மில்களை வைத்துவிட்டு அவர்களுக்குள் மறைவு வைப்பது கஷ்டம். 'தான் போட்டது அல்லது தனக்கு ஒதுக்கப்பட்டது மட்டும் தெரியட்டும்' என்ற ஒரு ஏற்பாடு ரோலில் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதை வைத்தால் ஒரே மில்லின் கணக்காளர் போட்ட டிக்கெட் அவருடைய மேனேஜருக்கே தெரியாது. அந்த ஏற்பாடு டிக்கெட்டுகளுக்குத்தான். விக்கி, ஃபைல்ஸ் எல்லாம் அப்போதும் அனுமதி உள்ள எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கும். எனவே மில்லுக்கு ஒரு புராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லிங், ஸ்டாக், சம்பளம் எல்லாம் அதற்குள் 'கேட்டகரி' ஆக இருந்தால் போதும்.

எல்லா மில்களுக்கும் பொதுவான வேலை இருக்குமே? ஸ்டாக் ரிப்போர்ட்டில் ஒரு பிழை என்றால் அது எல்லோருக்கும்தான் வரும். அதற்கு உங்கள் ஊழியர்கள் மட்டும் இருக்கும் ஒரு தனி புராடக்ட் புராஜெக்ட் வையுங்கள். மில் போடும் டிக்கெட் மில் புராஜெக்ட்டில் இருக்கட்டும். உண்மையான கோடிங் வேலைக்கான டிக்கெட்டை புராடக்ட் புராஜெக்ட்டில் போட்டு இரண்டையும் 'ரிலேட்டட்' என்று இணையுங்கள். இதற்கு, வேறு வேறு புராஜெக்ட்டுகளின் டிக்கெட்டுகளை இணைக்க அனுமதிக்கும் டிக், செட்டிங்ஸின் இஷ்யூ டிராக்கிங் பகுதியில் இருக்க வேண்டும். மறுமுனை டிக்கெட்டைப் பார்க்க அனுமதி இல்லாதவருக்கு அந்த இணைப்பு தெரியாது என்பதால் பயமில்லை.

சப்புராஜெக்ட், அதாவது ஒரு புராஜெக்ட்டுக்குக் கீழே இன்னொன்று, வைக்கும்போது ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். 'இன்ஹெரிட் மெம்பர்ஸ்' என்று ஒரு டிக் உண்டு. மேலே உள்ள புராஜெக்ட்டில் யார் யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோரும் கீழேயும் வந்துவிடுவார்கள். மில்லின் புராஜெக்ட்டுக்குக் கீழே 'உள் வேலை' என்று ஒரு சப்புராஜெக்ட் போட்டு இந்த டிக்கையும் வைத்தால், கிளையன்ட் நேராக உங்கள் உள் வேலைக்குள் வந்து நிற்பார். உங்கள் அளவுக்குச் சப்புராஜெக்ட்டே வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொரு சிறு விஷயம். புராஜெக்ட் உருவாக்கும்போது கேட்கும் 'ஐடென்டிஃபையர்' ஒருமுறை சேமித்தால் திரையிலிருந்து மாற்ற முடியாது. அதுதான் முகவரியில் வரும். 'டெஸ்ட்1' என்று அவசரத்தில் கொடுத்துவிட்டு அதையே வருடக்கணக்கில் கிளையன்ட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு மாதிரி புராஜெக்ட்டைச் சரியாக அமைத்துவிட்டு, அட்மின் பக்கத்திலிருந்து அதைக் காப்பி எடுத்தால் புதிய மில் வரும்போது வேலை மிச்சம். தேவையில்லாத மாட்யூல்களை அந்த மாதிரியிலேயே அணைத்துவிடுங்கள். ஃபோரம், நியூஸ் எல்லாம் மில்காரருக்கு எதற்கு?

இப்போது ரோல். ரெட்மைன் தன் ஆரம்ப அமைப்பில் மேனேஜர், டெவலப்பர், ரிப்போர்ட்டர் என்று மூன்று ரோல்களைத் தருகிறது. பெயரைப் பார்த்து ரிப்போர்ட்டர்தான் கிளையன்ட்டுக்கு என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ரிப்போர்ட்டர் ரோல் எதையெல்லாம் பார்க்கலாம் என்று பாருங்கள். செலவான நேரப் பதிவுகளைப் பார்க்கலாம். கோட் இருக்கும் இடத்தை ரெட்மைனில் காட்டும் ரெபாசிட்டரி மாட்யூல் ஓடினால் உங்கள் சோர்ஸ் கோடையே திறந்து பார்க்கலாம். அது டீமுக்குள் இருக்கும் ஒருவருக்காகச் செய்த ரோல். பணம் கொடுக்கும் வெளியாருக்குப் பொருந்தாது.

ஆகவே 'கிளையன்ட்' என்று புதிய ரோல் ஒன்று உருவாக்குங்கள். டிக்கெட் பார்க்க, புதிது போட, குறிப்பு எழுத, தன் குறிப்பைத் திருத்த, ஃபைல்களைப் பார்க்க என்ற அளவில் டிக் போட்டு நிறுத்துங்கள். 'இஷ்யூஸ் விசிபிளிட்டி' என்ற இடத்தில் பிரைவேட் அல்லாத எல்லா டிக்கெட்டுகளும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பக்கத்தில் பலர் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது: 'யூசர்ஸ் விசிபிளிட்டி'. அது எல்லா யூசர்களும் என்று இருந்தால் எல்லோரும் தெரிவார்கள். புராஜெக்ட் மூடியிருந்தாலும், உங்களுக்கு வேறு எந்தெந்த மில்கள் கிளையன்ட் என்பதை யூசர் பெயர்களிலிருந்தே ஒருவர் கண்டுபிடித்துவிடலாம். தனக்குத் தெரியும் புராஜெக்ட்டுகளின் மெம்பர்கள் மட்டும் என்று அதை மாற்றுங்கள். ஆனால் 'நான் மெம்பர்' ரோலுக்கும் இதே அமைப்பு தனியாக உண்டு. அதையும் மாற்றுங்கள். அந்த ரோலில் இருக்கும் மற்ற டிக்குகளையும் எடுத்துவிட்டால், நாளை யாராவது தவறி ஒரு புராஜெக்ட்டை பப்ளிக்காகத் திறந்தாலும் டிக்கெட்டுகள் வெளியே போகாது.

புரோகிராமர்களுக்கு டெவலப்பர் ரோல் ஏறக்குறைய சரி. மேனேஜர் ரோலில் எல்லா அனுமதியும் இருக்கிறது, டிக்கெட்டை அழிக்கும் அனுமதியும் சேர்த்து. அழிக்கும் அந்த அனுமதியை எடுத்துவிடுங்கள். ரெட்மைனில் அழித்த டிக்கெட்டைத் திரும்ப எடுக்க ரீசைக்கிள் பின் கிடையாது. தவறாகப் போட்ட டிக்கெட்டை 'ரிஜெக்டட்' என்று மூடினால் போதுமே. ஒரு வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு அனுமதிதான் என்ற இந்த விதியை 1975-இலேயே சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு கணினி அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பெரிய தகவல் கசிவுகள் பலவற்றின் அடியில் இந்த விதியை மீறியதுதான் இருக்கிறது. ஊழியர் மேல் நம்பிக்கை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அவருடைய பாஸ்வேர்ட் வேறு ஒருவர் கையில் கிடைத்தால் சேதம் சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருவருக்கு இரண்டு ரோல் கொடுத்தால் இரண்டின் அனுமதிகளும் கூடும், எதுவும் குறையாது. "டெவலப்பர் ரோலோடு கிளையன்ட் ரோலையும் கொடுத்து அவரைக் கட்டுப்படுத்தலாம்" என்பது நடக்காது. குறைக்க வேண்டுமென்றால் பெரிய ரோலை எடுக்கத்தான் வேண்டும்.

ஆட்களைத் தனித்தனியாகப் புராஜெக்ட்டில் சேர்க்காதீர்கள். புரோகிராமர்கள், சப்போர்ட், அப்புறம் மில்லுக்கு ஒன்று என்று குரூப் உருவாக்கி, குரூப்பைப் புராஜெக்ட்டில் சேர்த்து ரோல் கொடுங்கள். புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் குரூப்பில் போட்டால் முடிந்தது. 18 பேர்தானே என்று தோன்றலாம். மில்கள் பத்தைத் தாண்டும்போது, யார் எந்தப் புராஜெக்ட்டில் விட்டுப் போயிருக்கிறார் என்று தேடும் வேலை உங்கள் தலையில்தான் விழும்.

எம்.டி. சாருக்கும் புரோகிராமர்களுக்கும் இடையிலான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கிளையன்ட் தன் புகார் எந்த நிலையில் இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எப்போது முடியும் என்று பார்க்கும் உரிமை உள்ளவர். அதை மறைத்தால் லாகின் கொடுத்ததில் பயனில்லை. ஆனால் "இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தெரியவில்லை, மூன்று இடத்தில் சந்தேகம்" என்று புரோகிராமர்கள் தங்களுக்குள் தயங்காமல் எழுதிக்கொள்ளவும் ஓரிடம் வேண்டும். அது இல்லையென்றால் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்கள். மூன்று மாதம் கழித்து அதே பிழை வரும்போது ஒரு வரிகூட எங்கும் இருக்காது.

ரெட்மைனில் 'பிரைவேட் நோட்' என்ற வசதி இருக்கிறது. அதைப் பார்க்கும் அனுமதி உள்ளவருக்கு மட்டுமே அந்தக் குறிப்பு தெரியும். அது நல்ல வசதிதான். ஆனால் நான் அதை மட்டும் நம்ப மாட்டேன். அவசரத்தில் அந்த ஒரு டிக்கைப் போட மறந்தால், குறிப்பு அந்த நிமிடமே கிளையன்ட்டின் மெயிலுக்குப் போய்விடும். பிறகு மாற்றிப் பயனில்லை. உள் பேச்செல்லாம் புராடக்ட் புராஜெக்ட்டின் டிக்கெட்டிலேயே நடக்கட்டும். மில் டிக்கெட்டில், கிளையன்ட் படிக்கிறார் என்ற நினைப்போடு சப்போர்ட் ஆள் எழுதட்டும். எம்.டி. கேட்கும் வெளிப்படைத்தன்மையும் கிடைக்கும், புரோகிராமர்களின் பயமும் போகும். செலவான நேரத்தைக் கிளையன்ட்டுக்குக் காட்டுவதா என்பது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மணிக்கணக்கில் பில் போட்டால் காட்டுங்கள், மொத்தத் தொகைக்குப் பேசியிருந்தால் தேவையில்லை.

புதிய ரோல் உருவாக்கியதும் ஒரு புகார் நிச்சயம் வரும்: "டிக்கெட்டின் ஸ்டேட்டஸை மாற்ற முடியவில்லை." உங்கள் ஆபீஸில் எல்லோரும் அட்மின் ஆனதற்கு இப்படிப்பட்ட புகார்களே காரணமாக இருக்கலாம். அனுமதிப் பட்டியலில் எடிட் செய்ய டிக் போட்டால் மட்டும் போதாது. எந்த ரோல், எந்த வகை டிக்கெட்டை, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றலாம் என்பது 'வொர்க்ஃப்ளோ' என்ற தனிப் பக்கத்தில் இருக்கிறது. புதிய ரோலுக்கு அது காலியாக இருக்கும். ரோல் உருவாக்கும்போதே, ஏற்கெனவே உள்ள ரோலின் வொர்க்ஃப்ளோவைக் காப்பி எடுக்கும் வசதி உண்டு. சப்போர்ட்டுக்கு ஒரு ரோல் உருவாக்கினால் டெவலப்பரிலிருந்து காப்பி எடுத்துவிட்டு, தேவையில்லாததை நீக்குங்கள். புரோகிராமர் 'ரிசால்வ்டு' வரை கொண்டு வரட்டும். மில்காரர் சரி என்று சொன்ன பிறகு சப்போர்ட் ஆள் 'குளோஸ்டு' என்று மூடட்டும். முடித்தவரே மூடுவதை நிறுத்தினாலே பாதி வாய்த்தகராறு குறையும்.

இப்போது அட்மின்கள். இரண்டு பேர் போதும், நீங்களும் சர்வரைப் பார்த்துக்கொள்பவரும். அந்த இருவருக்கும் தினசரி வேலைக்கு ஒரு சாதாரண லாகின், அமைப்பு மாற்றத்துக்கு ஒரு அட்மின் லாகின் என்று இரண்டு இருக்கட்டும். அட்மினுக்கு எல்லாப் புராஜெக்ட்டும் தெரியும், எந்த ரோலும் அவரைக் கட்டுப்படுத்தாது. அதனால் அட்மினாக உள்ளே இருப்பவருக்கு அனுமதிப் பிழை கண்ணிலேயே படாது. உங்கள் ஆபீஸில் 18 பேரும் அட்மினாக இருந்ததால்தான் இந்தக் கசிவை வெளியிலிருந்து ஒருவர் சொல்ல வேண்டியதாயிற்று. எம்.டி. சார் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். எல்லாவற்றையும் பார்க்கும் அனுமதி மட்டும் உள்ள ஒரு ரோலை உருவாக்கி, எல்லாப் புராஜெக்ட்டிலும் அவரைச் சேர்த்துவிடுங்கள். அவருக்கு வேண்டியது பார்வைதான். அட்மின் திரை அவருக்குப் பயன்படப் போவதில்லை.

எல்லாம் அமைத்த பிறகு, ஏதாவது இரண்டு மில்களுக்கு ஆளுக்கொரு சோதனை யூசர் உருவாக்கி, பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் அந்த லாகினில் உள்ளே போய்ப் பாருங்கள். புராஜெக்ட் பட்டியல், தேடல் பெட்டி, ஆக்டிவிட்டி பக்கம் மூன்றையும் பாருங்கள். அடுத்த மில்லின் ஒரு டிக்கெட் முகவரியை நேராக ஒட்டியும் பாருங்கள். 'அனுமதி இல்லை' என்று வர வேண்டும். ரோல்கள் பக்கத்தில் 'பெர்மிஷன்ஸ் ரிப்போர்ட்' என்று எல்லா ரோலும் எல்லா அனுமதியும் ஒரே அட்டவணையில் கிடைக்கும். அதை உங்கள் தாளோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் வேலை முடிந்தது என்று மில்காரர்களிடம் சொல்ல வேண்டும்.

ஜிராவுக்கு மாறுவது பற்றி: இந்தக் காரணத்துக்காக வேண்டாம். அங்கேயும் புராஜெக்ட், ரோல், குரூப் என்ற இதே மூன்றுதான். கூடவே 'பெர்மிஷன் ஸ்கீம்' என்ற ஒன்று பல புராஜெக்ட்டுகளுக்குப் பொதுவாக இருக்கலாம், அதில் ஓரிடத்தில் மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லாவற்றிலும் மாறும். உங்கள் தாள் நிரம்பாமல் அங்கே போனால் இதே கணக்காளர் மறுபடியும் போன் செய்வார்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. யாராவது வேலையை விட்டுப் போகும்போது அவருடைய கணக்கை அழிக்காதீர்கள். அழித்தால் அவர் போட்ட டிக்கெட், எழுதிய குறிப்பு எல்லாம் 'அனானிமஸ்' பெயருக்கு மாறிவிடும். யார் என்ன முடிவெடுத்தார் என்ற வரலாறு போய்விடும். 'லாக்' (lock, பூட்டுவது) செய்தால் போதும். அவரால் உள்ளே வர முடியாது, எழுதியது அவர் பெயரிலேயே இருக்கும். லாக் செய்வதற்கு முன் அவர் பெயரில் திறந்திருக்கும் டிக்கெட்டுகளை வடிகட்டி எடுத்து வேறு ஒருவருக்கு மாற்றுங்கள். மில்களிலும் ஆட்கள் மாறுவார்கள், அதை உங்களிடம் சொல்ல அவர்களுக்குத் தோன்றாது. ஒவ்வொரு மில்லுக்கும் உள்ள லாகின் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் மேனேஜருக்கு அனுப்பி, "இவர்கள் எல்லோரும் இன்னும் அங்கே இருக்கிறார்களா?" என்று கேளுங்கள்.